சந்தேகத்தின் பலன் யாருக்கு?

“உறுதியாத் தெரியாம எப்படிங்க தோழர் எழுதிக் குடுக்கறது?”

இப்படிக் கேட்டவர் ஓர் ஆசிரியர். நல்ல மனிதர். சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். பெரியார் பிறந்த நாளுக்குப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பவர். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில்தான் அவருக்குச் சம்பளக் கணக்கு. ஒரு மத்தியானம் டீக்கடைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை. அருந்ததியர் வளவுப் பிள்ளை. ஒரு மாதமாகவே சரியில்லை. பள்ளி விட்டாலும் போவதில்லை, குழாயடியிலேயே நிற்கிறாள். அம்மா தோட்டத்து வேலைக்குப் போகிறவள். பள்ளி விட்டதும் பிள்ளையும் அங்கேதான் போய் இருட்டும் வரை இருக்க வேண்டும். “ஏன் கண்ணு இங்கயே நிக்கறே?” என்று கேட்டதற்கு, “அந்தத் தோட்டத்துக்குப் போகமாட்டனுங்க சார்” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

“யாருங்க தோட்டம்?” என்று கேட்டேன். பெயரைச் சொல்லவில்லை. “நம்ம பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு சுவரு கட்டிக் குடுத்தவருங்க” என்றார். பிறகுதான் மேலே உள்ள கேள்வியைக் கேட்டார்.

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்த ஆசிரியரைப் பற்றியது என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கேள்வியைப் பற்றியது. கோயமுத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் விடுதியிலும் படித்தவர்கள் எல்லோரும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கும் கேள்வி அது. எந்தப் பிள்ளைக்கு அதை வெளியே எடுக்கிறார்கள், எந்தப் பிள்ளைக்கு எடுப்பதில்லை என்பதில்தான் சாதி இருக்கிறது.

1

நான் வங்கிக் குமாஸ்தா. சந்தேகம் என்ற சொல்லோடு எனக்குத் தினசரிப் புழக்கம் உண்டு. ஒரு கணக்கில் வழக்கத்துக்கு மாறாகப் பணம் வந்து போனால் நாங்கள் மேலே சொல்லியாக வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்டம், 2002 அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பணம் திருட்டுப் பணம் என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகமாகப் பட்டது, அது போதும். அறிக்கை டெல்லிக்குப் போகும். கணக்கு வைத்திருப்பவரிடம் நாங்கள் வாய் திறக்கக்கூடாது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்ன வங்கி மீதோ ஊழியர் மீதோ யாரும் வழக்குப் போட முடியாது. விசாரிப்பது எங்கள் வேலை இல்லை. சொல்வதுதான் எங்கள் வேலை.

இப்போது போக்சோ சட்டத்துக்கு வாருங்கள். 2012இல் இயற்றப்பட்டு அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர், மருத்துவர் என்று இல்லை, யாராக இருந்தாலும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவருக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு.

ஒரு பிள்ளை ‘அங்கே போகமாட்டேன்’ என்று குழாயடியில் நிற்கிறது. அஞ்சுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? ரூபாய் விஷயத்தில் சந்தேகம் போதும். பிள்ளை விஷயத்தில் மட்டும் நிரூபணம் வேண்டுமா?

சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பார்கள். சரி, அது நீதிமன்றத்தின் விதி. சாட்சி விசாரித்து, குறுக்கு விசாரணை நடத்தி, கடைசியில் நீதிபதி கையில் எடுக்க வேண்டிய விதி. அதைத் தலைமையாசிரியர் அறைக்கும் டாக்டர் மேசைக்கும் தூக்கி வந்தது யார்? வழக்கே பிறக்காத இடத்தில் தீர்ப்பு எழுத இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

2

2021 நவம்பர் 11. கோவையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். அவள் முன்பு படித்த தனியார் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் போக்சோவில் கைதானார். மாணவி பள்ளி முதல்வரிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லை என்று வழக்கு. முதல்வர் பெங்களூரில் வைத்துக் கைது செய்யப்பட்ட நாள் நவம்பர் 14. குழந்தைகள் தினம், போக்சோ சட்டம் அமலுக்கு வந்து சரியாக 9 ஆண்டுகள். அந்தப் பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. பெயரில்லாமல் போன அந்தப் பிள்ளையின் அடையாளம் காக்கப்பட வேண்டும், அதற்காகத்தான். பள்ளியின் மானம் காக்க அங்கே ஏற்கெனவே போதுமான ஆள் இருந்தது.

கவனியுங்கள். நகரத்தின் நடுவே, படித்தவர்கள் பிள்ளைகளைச் சேர்க்க வரிசையில் நிற்கும் பள்ளியிலேயே இதுதான் நிலை. கட்டணம் கட்டிப் படித்த பிள்ளையின் சொல்லே அந்த அறையின் சுவரைத் தாண்டவில்லை. அப்படியென்றால் வளவுப் பிள்ளையின் சொல் எங்கே நிற்கும்?

அடுத்த ஆண்டு, 2022 ஜூன். ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பல முறை எடுத்து விற்கப்பட்டது அம்பலமானது. தாயும் தாயோடு வாழ்ந்தவனும் தரகுப் பெண்ணும் கைதானார்கள். ஆதார் அட்டையில் வயதைக் கூட்டி வைத்திருந்தார்கள். தனியார் மருத்துவமனைகள் விசாரணைக்குள்ளாயின. கருமுட்டை எடுப்பது பல் பிடுங்குவது போல ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. பத்து நாள் அளவுக்கு ஹார்மோன் ஊசி, திரும்பத் திரும்ப ஸ்கேன், மயக்க மருந்து. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 23 வயதுக்குக் கீழே யாரும் கருமுட்டை கொடுக்க முடியாது; கொடுத்தாலும் ஆயுளுக்கு ஒரே முறை. ஊசி போட்டவர், ஸ்கேன் பார்த்தவர், மயக்கம் கொடுத்தவர் என்று எத்தனை ஜோடிக் கண்கள்! எல்லாம் ஆதாரைப் பார்த்தன. பிள்ளையின் முகத்தைப் பார்த்தது யார்? சிறுமி உறவினர்களிடம் சொன்ன பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம். 13 வயதுச் சிறுமிக்கு வன்கொடுமை. விஷயம் தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி முதல்வர் உட்பட நிர்வாகத்தினர் கைதானார்கள். மறுபடியும் அதே அறை, அதே கதவு.

மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டம் ராஜுரா என்ற ஊரில், விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலர் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் தகவல் சொல்லவில்லை என்று வழக்கு. உயர்நீதிமன்றம் அவர்மீதான வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்து, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. பழங்குடிப் பிள்ளைகளின் காயத்தைத் தொட்டுப் பார்த்த கைக்குப் பேனா பிடிக்க வரவில்லை என்ற புகாருக்குப் பதில் சொல்ல, உச்சநீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

3

இதுவரை சொன்னது தெரிந்தும் மறைத்த கதை. இதைவிட மோசமான ஒன்று உண்டு. கண்ணால் பார்த்தும் சந்தேகமே வராமல் போவது.

ஈரோடு மாவட்டம் பெருந்துறை பக்கம் பாலக்கரை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 2022 நவம்பரில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு டெங்குக் காய்ச்சல். எப்படிச் சாமி கொசு கடிச்சுது என்று அம்மா கேட்கிறாள். தினமும் கக்கூஸ் கழுவப் போகிறேன், அங்கே கடித்தது என்கிறான் பையன். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொல்வார்கள் என்கிறான். கழுவப் போனது பட்டியல் சாதிப் பிள்ளைகள். அம்மா காவல் நிலையம் போனாள். டிசம்பரில் தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இளைஞர் நீதிச் சட்டத்திலும் கைதானார்.

அந்தப் பிள்ளைகள் கையில் வாளியோடு போனது ராத்திரி நேரத்திலா? பட்டப்பகலில். பள்ளிக்கூடம் என்றால் வேறு ஆசிரியர் வருவார், சத்துணவு சமைப்பவர் வருவார், அதிகாரி ஆய்வுக்கு வருவார். இவர்களில் யாராவது ஒருவர் ‘இது என்ன?’ என்று கேட்டிருந்தால் அம்மாவுக்கு அந்தச் செய்தி டெங்குவோடு வந்து சேர்ந்திருக்காது. மாதாரி பிள்ளை துடைப்பம் பிடித்தால் இந்த ஊருக்கு அது குற்றமாகத் தெரிவதில்லை. பொருத்தமாகத் தெரிகிறது. மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் சாதியம். சாதி செய்கிற முதல் வேலை நம் பிள்ளையின் வலியை இயல்பாக்குவது. இயல்பானதில் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வராத இடத்தில் புகார் எப்படிப் பிறக்கும்?

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. நான் படித்த பள்ளியில் வகுப்பறை கூட்டவும் வாத்தியார் சைக்கிள் துடைக்கவும் எங்கள் வளவுப் பையன்களைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் பேரைக் கூப்பிட்ட அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டப்படிப்பு முடித்து, அம்பேத்கரைப் படித்து, அதன் பிறகுதான் அந்தப் பெருமை என் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. அடிபட்ட பிள்ளைக்கே சந்தேகம் வராதபடி செய்துவைத்திருக்கிறார்கள்.

2025 ஏப்ரல். கோவை மாவட்டம் கிணத்துக்கடவு அருகே செங்குட்டைப்பாளையம். எட்டாம் வகுப்பு படிக்கும் அருந்ததியர் சிறுமி வயதுக்கு வந்த ஒரு சில நாளில் முழு ஆண்டுத் தேர்வு. தனியார் மெட்ரிக் பள்ளி அவளை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துப் பரீட்சை எழுதவைத்தது. தாய் போய் செல்போனில் படம் பிடித்தாள். அந்தப் படம்தான் புகார். தாய் கேட்டுக்கொண்டபடியே செய்தோம் என்றது பள்ளித் தரப்பு. வெளியே உட்காரவைக்க யாரும் கேட்கவில்லை என்றாள் தாய். முதல்வர் தற்காலிகப் பணிநீக்கம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. தீட்டும் தீண்டாமையும் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதின. வினாத்தாள் கொடுத்தவர், விடைத்தாள் வாங்கியவர், அந்தப் படியைத் தாண்டி ஏறி இறங்கியவர், இவர்களெல்லாம் பட்டதாரிகள். புகாரோ தோட்டம் காட்டில் பாடுபடுகிற ஜனத்திடமிருந்து வந்தது.

பாலக்கரையில் ஒரு தாய். செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தாய். பயிற்சிப் பட்டறையும் பட்டயமும் இல்லாத இந்தத் தாய்களுக்கு ‘உறுதியாத் தெரியாம எப்படி’ என்ற கேள்வி வரவே இல்லை.

இங்கே சட்டத்தின் ஓட்டையையும் பேசியாக வேண்டும். பாலியல் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு. சாதிக் கொடுமையைச் சொல்லாமல் விட்டால்? இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75 பிள்ளையைக் கொடுமை செய்பவரைத் தண்டிக்கும். பக்கத்தில் நின்று பார்த்தவரை அல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடியையும் மன உளைச்சலையும் தடை செய்கிறது. பார்த்தவர் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கும். ஆனால் அங்கே வரிசையாகச் சொல்லப்படும் கடமைகள் பெரும்பாலும் காவல் நிலையத்துக் கடமைகள். வகுப்பறையில் கண்டதைச் சொல்லும் கடமை அந்த வரிசையில் இல்லை. ஆக, கக்கூஸ் கழுவும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வாய் மூடி நடந்துபோகிற ஆசிரியர் சட்டப்படி சுத்தமானவர்!

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. வரவேற்போம். ஆனால் பாலக்கரை ஒரு தொடக்கப் பள்ளி. அந்த வாளி அங்கேதான் இருந்தது.

4

பேனா எப்போதும் காய்ந்தே இருப்பதில்லை. சில சமயம் ரொம்ப வேகமாக ஓடும்.

நம்ம பையன் ஆதிக்கச் சாதிப் பெண்ணோடு பேசினான், பஸ் ஏறினான் என்றால் போதும். அன்றைக்கே பிள்ளையின் பிறந்த தேதி தேடப்படும், சான்றிதழ் எடுக்கப்படும், போக்சோ பாயும். கோகுல்ராஜை 2015இல் கொன்று தண்டவாளத்தில் போட்ட மண் இது. கத்தி எடுக்காத நாட்களில் சட்டத்தை எடுக்கத் தெரியும். 2021 ஜனவரியில் ஈரோடு அனைத்து மகளிர் காவல் நிலைய வழக்கு ஒன்றை ரத்து செய்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதல் உறவுகளைக் குற்றமாக்குவதற்காக இந்தச் சட்டம் வரவில்லை என்று எழுதினார். அந்த வழக்கில் இருந்தவர்கள் என்ன சாதி என்பது எனக்கு முக்கியமில்லை. அந்தத் தீர்ப்பு திறந்து காட்டிய வழி முக்கியம். பிள்ளையைக் காக்க வந்த சட்டம் பெண்ணைப் பூட்டிவைக்கும் சாதிக் குடும்பத்தின் கையில் எப்படி ஆயுதமாகிறது என்று நம்மைவிடத் தெரிந்தவர் யார்?

ஆகவே ‘எல்லாவற்றையும் எழுது’ என்று கண்ணை மூடிக்கொண்டு நான் கோஷம் போடவில்லை. காதலித்த பதினேழு வயதுப் பிள்ளை போலீசுக்குப் பயந்து டாக்டரிடமே போகாமல் நாட்டு மருந்து தேடிச் சாகக்கூடாது. 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் கொடுக்கும் தகவலில் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை டாக்டர்களுக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

அளவுகோல் ஒன்றுதான். அதிகாரம் யார் பக்கம்? தோட்டம் யாருடையது, பள்ளி யாருடையது, விடுதிச் சாவி யார் இடுப்பில்? பிள்ளைக்கும் அவனுக்கும் நடுவே எவ்வளவு உயரம்? அந்த உயரம் கூடக்கூட நம் சந்தேகமும் கூட வேண்டும். இங்கேயோ தலைகீழ். உயரம் கூடினால் சந்தேகம் குறைகிறது. காம்பவுண்டு சுவர் கட்டிக் கொடுத்தவன்மேல் சந்தேகப்படலாமா?

5

ஆசிரியர் தரப்பில் ஒரே ஒரு பேச்சு மட்டும் என்னைத் தடுத்து நிறுத்தியது. “அம்மாவே வேண்டாங்கறாங்க தோழர்” என்றார். அவர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அந்தத் தாய், “வேண்டாமுங்க சாமி, நாளைக்கும் அவிய தோட்டத்துலதான் நாங்க நிக்கோணும்” என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

இதை லேசில் தள்ள முடியாது. குடியிருக்கிற சாளை அவன் இடம். கிணற்றுத் தண்ணீர் அவன் தண்ணீர். கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் அவன் பணம். புகார் எழுதுகிறவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும். இவளுக்கு அன்று ராத்திரியே வீடு போகும். ‘தாய் மறைத்தாள்’ என்று எழுதுகிற பத்திரிகைக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

ஆனால் தாயின் பயம் ஆசிரியருக்குச் சாக்கு ஆகாது. அவள் கும்பிட்ட கை ‘எங்களைத் தனியா விட்டுராதீங்க’ என்று சொன்ன கை. அதை ‘விட்டுருங்க’ என்று படித்துக்கொண்டது ஆசிரியரின் வசதி. அடுத்து, அந்தத் தாய் தனியாக நிற்பதற்கு நாமும் காரணம். கூட்டம் போடுகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். புகார் கொடுத்த மறுநாள் காலையில் அந்த வளவில் யார் நின்றோம்?

இப்போது என் கதை. ஆசிரியர் சொல்லிவிட்டுப் போனார். நீங்க எழுதலேன்னா நான் எழுதறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தேன். ஆசிரியர் பெயர் வெளியே வந்துவிடுமே என்று நினைத்தேன். அந்தத் தோட்டக்காரருக்கு எங்கள் கிளையில் எவ்வளவு வைப்புநிதி இருக்கிறது என்றும் நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. 19ஆம் பிரிவில் ‘யாராக இருந்தாலும்’ என்று இருக்கிறதே, அந்த ‘யாரில்’ நானும் ஒருவன். மூன்றாம் நாள்தான் 1098க்குப் பேசினேன். பேசி முடிக்க பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளை இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த மூன்று நாள் சாயங்காலமும் அவள் எங்கே இருந்தாள்? எந்தப் பேரேட்டிலும் நேர் செய்ய முடியாத கணக்கு அது.

மாணவத் தோழர்களே, நாளை நீங்கள் ஆசிரியர் ஆவீர்கள், நர்ஸ் ஆவீர்கள், விடுதிக் காப்பாளர் ஆவீர்கள். இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1098க்குப் பேசப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. போக்சோ புகார் வந்தால் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். காக்கி உடையில் வரக்கூடாது. ராத்திரியில் ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. பெண் பிள்ளையை ஒரு பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். உடன் நிற்க ஆதரவு நபர் ஒருவரைக் கேட்கலாம். பிள்ளை பட்டியல் சாதி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அதன் கீழ் நிவாரணமும் உண்டு. தாமாகச் சேர்ப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

இயக்கம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. பிள்ளைமீதான சாதிக் கொடுமையையும் கண்டவர் சொல்லியே ஆக வேண்டிய குற்றமாக்கு. சொன்ன ஆசிரியரை இடமாற்றம் செய்யாதே. தாயின் கூரைக்கும் வேலைக்கும் மாவட்ட ஆட்சியர் பொறுப்பேற்க வேண்டும். இது அரசுக்கு.

நமக்கு: புகார் போன மறுநாள் காலை அந்த வளவில் பத்துப் பேர் போய் உட்கார வேண்டும். தண்ணீர் நிறுத்தினால் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். வீடு போனால் நம் வீட்டைத் திறக்க வேண்டும். அது நடந்தால் அந்தத் தாய் கும்பிட மாட்டாள். ஆசிரியருக்கும் சாக்கு இருக்காது.

அவரிடம் இதையெல்லாம் போன வாரம் நேரில் சொன்னேன். டீ ஆறிப்போனது. “நீங்க பேசினது நல்லதாப் போச்சுங்க” என்றார். “அடுத்த தடவை நீங்க பேசுங்க” என்றேன். பதில் சொல்லவில்லை. அவர் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.